ஒன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் நடந்தவர்கள்

அருள்மேரி பதினாறு வருஷமாகப் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. காலை ஒன்பது மணிக்குப் பலகையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருமுறை எழுந்திருப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பாள். கிளிக்கு, பிள்ளையாருக்கு, செட்டியார் பொம்மைக்கு என்று ஒரு நாளைக்கு ஐந்நூறு ஜோடிக் கண்கள். கை மட்டும்தான் வேலை செய்யும். மற்ற உடம்பெல்லாம் சும்மா கூட இருக்கும்.

2006-ஆம் வருஷம் ஆடி மாதம் கம்பெனியில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். எழுந்து நிற்க ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அருள்மேரி முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றாள். இளவயது டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு மறு கையில் பார்த்தார்.

"நூத்தி அறுபதுக்கு நூறு இருக்குது. தலை சுத்துதாம்மா? நெஞ்சு படபடன்னு இருக்குதா?"

"ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"அதாம்மா இதுல தொந்தரவே. ஒண்ணும் தெரியாது. உள்ள இதயம் மட்டும் சொமை தூக்கிக்கிட்டே இருக்கும்."

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடச் சொன்னார். உப்பைப் பாதியாக்கச் சொன்னார். நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். கடைசியாக, தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்றார். மற்றதெல்லாம் சமையலறைக்குள் முடிகிற காரியம். நடப்பதுதான் சிக்கலாகிப்போனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அருள்மேரி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூன்றாவது வீட்டு வாசலில் கொளஞ்சியம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மேரி, இந்நேரத்துல?"

"சும்மா நடக்கறேன்."

"சும்மாவா?" கொளஞ்சியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "வூட்டுல எதாச்சும் சண்டையா?"

இல்லை என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. அடுத்த தெருவில் ஒரு அத்தை உறவு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுத்தாள். திரும்பும்போது இன்னொரு வீட்டில் இன்னொரு டீ. ஒரு வாரத்தில் அருள்மேரி நடந்தது மொத்தம் ஒரு மைல் இருக்கும், குடித்தது பதினோரு டீ. அந்த வாரக் கடைசியில் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் அவள் புருஷன் பாக்கியநாதனைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். பொம்பளை மனசு நோகும்படி நடந்துகொள்ளாதே என்றார்கள்.

பாக்கியநாதன் இன்னொரு கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவன். சாதுவான ஆள். வீட்டுக்கு வந்து குழம்பிப் போய் உட்கார்ந்தான்.

"நமக்குள்ள என்னா சண்டை மேரி?"

"ஒரு சண்டையும் இல்லைங்க."

"அப்ப நடக்கறதெல்லாம் வேணாம். மாத்திரை போட்டுக்க, போதும். ஊரு பூரா என்னைய ஒரு மாதிரி பாக்குது."

அவளும் நிறுத்திவிட்டாள். பத்து நாள் கழித்து அக்கா மகள் ஜெனிபரைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனாள். வண்டி கிளம்பிப் போனதும் ஒன்றாம் நம்பர் பிளாட்பாரம் வெறிச்சென்று கிடந்தது. மேடு பள்ளம் இல்லாத தரை. பாதி தூரத்துக்குக் கூரை. குடிக்கத் தண்ணீர்க் குழாய். அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பார்ப்போமே என்று நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ரயில் நிலையத்தில் நடமாடுகிறவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாளிலிருந்து அருள்மேரி விடிகாலையில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்க ஆரம்பித்தாள். புருஷனிடம் காலைப் பூசைக்குப் போவதாகச் சொன்னாள். அது பொய்தான். போகிற வழியில் கோயிலைத் தாண்டும்போது சிலுவை போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள்.

மூன்றாம் நாளே அங்கே இன்னொருத்தி நடப்பதைக் கவனித்தாள். கறுப்புப் புர்கா, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. இருவரும் எதிரும் புதிருமாகக் கடக்கும்போது பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான்காம் நாள் அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களும் எங்கியும் போகலைதானே?"

"போகலைம்மா."

"நானும்தான். வாங்க, சேர்ந்தே எங்கியும் போகாம இருப்போம்."

அவள் சம்சாத் பேகம். புருஷன் அலாவுதீன் துபாயில் இருந்தான். சவூதியில் வேலை பார்த்த அவள் அண்ணன் ரயீஸ், நாற்பத்திரண்டு வயசில் மாரடைப்பு வந்து, நல்லவேளையாகப் பிழைத்து ஊர் வந்து சேர்ந்திருந்தான். கூடப் பிறந்தவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற தம்பி தங்கைகள் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனார்கள். சம்சாத் கடைக்குப் போய் ஷூ வாங்கினாள்.

இரண்டு பேருக்கும் பேச்சு ஓயவில்லை. உப்புக் குறைந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்து ஈடுகட்டலாம் என்று சம்சாத் சொன்னாள். எண்ணெயைச் சட்டியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து விட்டால் பாட்டில் எத்தனை நாள் வருகிறது பார் என்று அருள்மேரி சொன்னாள். நோன்பு மாதம் முழுக்க சம்சாத் வரவில்லை. அந்த முப்பது நாளும் பிளாட்பாரம் இரண்டு மடங்கு நீளமாக இருந்ததாக அருள்மேரிக்குத் தோன்றியது. பெருநாள் முடிந்து மறுபடியும் வெள்ளை ஷூவைப் பார்த்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பாக்கியநாதனை வழியில் பார்த்து விசாரித்தார்.

"மேரிக்கு உடம்பு எப்படி இருக்குது? வார நாள்ல பூசைக்கு வந்தா நல்லாருக்கும், வர முடியலபோல."

"தெனமும் வருதுங்களே சாமி."

சாமியார் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கெல்லாம் பாக்கியநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை அவள் கிளம்பியதும் அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். கோயிலைத் தாண்டினாள். சிலுவை போட்டாள். நிற்கவில்லை. ஜங்ஷன் ரோட்டில் திரும்பினாள். ஸ்டேஷனுக்குள் போனாள். நம்மை விட்டுவிட்டு ஊரைவிட்டே போகிறாளா? உள்ளே ஓடினான். தூரத்தில் அவளும் ஒரு புர்காக்காரியும் விறுவிறுவென்று பிளாட்பாரத்தின் கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மேரி" என்று கத்தினான். சரியாக அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று ஓடினான். தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் போக முடிந்தது. மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. அங்கே நின்ற பார்சல் தள்ளுவண்டியில் உட்கார்ந்துவிட்டான்.

டிக்கெட் பரிசோதகர் கோதண்டபாணி நிதானமாக நடந்து வந்தார்.

"டிக்கெட்டு?"

பாக்கியநாதனால் பேச முடியவில்லை. கையை நீட்டிப் பிளாட்பாரத்தின் கோடியைக் காட்டினான். அங்கே போய்த் திரும்பிய அருள்மேரி பார்சல் வண்டியில் உட்கார்ந்திருப்பது யார் என்று கண்டுகொண்டு பாதி ஓட்டமாக வந்தாள்.

"இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"எங்க வூட்டுக்காரருங்க."

"எந்த ஊருக்குப் போறாரு?"

"எங்கியும் போகலைங்க. என்னைத் தேடிக்கிட்டு வந்துட்டாரு."

"நீங்க?"

"நானும் எங்கியும் போகலைங்க."

"நானும்தாங்க" என்றாள் சம்சாத்.

கோதண்டபாணி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேரையும் மூணு மாசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். யாரோ வரப்போறாங்க, வண்டிதான் லேட்டுன்னு நெனைச்சிருந்தேன்" என்றார். பெண்கள் இருவரும் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்கள். பாக்கியநாதனுக்கு அபராத ரசீது எழுதினார். எழுதிக் கொடுத்த கையோடு அவரே ஒரு தம்ளரில் தண்ணீரும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அருள்மேரி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பூசைன்னு பொய் சொன்னது தப்புதாங்க" என்றாள். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் எங்கேயும் போகவில்லை என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அவளுக்கு வேறொன்று உறுத்தியது.

"எங்கேருந்து ஓடியாந்தீங்க?"

"கேட்டுலேருந்து."

கேட் இதோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவன் நெற்றியில் வழிகிற வியர்வையைப் பார்த்தாள். சம்சாத்தும் பார்த்தாள்.

"அக்கா, எங்க அண்ணனும் மொதல்ல இப்படித்தான் உக்காந்தாராம். இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம். நேரா டாக்டருகிட்ட கூட்டிக்கிட்டுப் போங்க."

முகாமுக்கு வந்த டாக்டரம்மாவிடம் அன்றைக்கே போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் அருள்மேரி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "ஆனா ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார். இரண்டு கட்டு என்றான் பாக்கியநாதன். மூன்று கட்டு என்றாள் அருள்மேரி. டாக்டரம்மா மூன்று என்றே எழுதிக்கொண்டார். "கொறைக்கறது கிறைக்கறதெல்லாம் வேணாம். மொத்தமா விடுங்க" என்றார்.

விட்டான். முதல் வாரம் அவனிடம் யாரும் பேச முடியவில்லை. சட்டைப்பையில் சோம்பை நிரப்பிக்கொண்டு நாள் முழுக்க மென்றான். டீ சூடு போதவில்லை என்று சண்டை, சூடு அதிகம் என்று சண்டை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"சூளையாண்ட ஒருத்தன் குடுத்தான் மேரி. ஒண்ணு குடிச்சிட்டேன்."

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சரி. நாளையிலேருந்து மறுபடியும் ஒண்ணுன்னு எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்து வந்தவனுக்கு அது என்னவோ செய்தது. அதற்குப் பிறகு அவன் பீடியைத் தொடவில்லை.

காலையில் அவனும் பிளாட்பாரத்துக்கு வந்தான், முறையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு. முதலில் பெண்கள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் அவன் ஒரு சுற்று. கோதண்டபாணி பணி நேரத்தில் எதிர்ப்பட்டால், "எந்த ஊருங்க?" என்று முகத்தை மாற்றாமல் கேட்பார். "எங்கியும் இல்லைங்க" என்பான் இவனும் முகத்தை மாற்றாமல்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"என்னா மேரி, இன்னைக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தி?"

அருள்மேரி கரண்டியோடு அப்படியே நின்றாள். ஆடி மாதத்திலிருந்து போடுகிற அதே பாதி உப்புதான். ஐந்து மாதமாகச் சப்பென்று இருக்கிறது என்று புலம்பிய வாய், பீடியை விட்டதும் ருசி கண்டுவிட்டது. அவளுக்கு வந்த சிரிப்பில் புரையேறிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவன் இன்னொரு கரண்டி குழம்பு வாங்கி மெதுவாகச் சாப்பிட்டான். கத்திரிக்காய் கத்திரிக்காயாக இருந்தது, பூண்டு பூண்டாக இருந்தது. "இத்தினி நாளு எதைத் தின்னுக்கிட்டு இருந்தேன்னே தெரியல" என்றான்.

தை மாதம் டாக்டரம்மா இரண்டு பேருக்கும் பட்டை சுற்றிப் பார்த்தார். அருள்மேரிக்கு நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. மாத்திரையையும் நடையையும் அப்படியே தொடரச் சொன்னார். அதை முதலில் சம்சாத்திடம் போய்ச் சொன்னாள். சம்சாத் அன்று சாயங்காலமே துபாய்க்குப் போன் போட்டு, தனக்கே கிடைத்த நல்ல சேதியைப் போல அலாவுதீனிடம் எண்களோடு சொன்னாள்.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியில் பாக்கியநாதனின் தங்கை ரீட்டா வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். பத்து மணிப் பூசை. எட்டு மணி பஸ் கூட்டமாக வந்து, பாதி தூரத்துக்கு மேல் போய், புகை விட்டு நின்றுவிட்டது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியவில்லை. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அருள்மேரியும் உட்கார இடம் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்று பாக்கியநாதன் கண்டக்டரைக் கேட்டான்.

"நாலு கிலோமீட்டரு இருக்கும்ங்க."

"வா மேரி, போயிடலாம்."

பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கிளம்பினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு. வெட்டு நடக்கும் காலம். பெண்ணாடம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக அவர்களைக் கடந்தன. வெயில் இன்னும் ஏறவில்லை. பாக்கியநாதன் சூளையில் புதிதாக வந்த மேனேஜர் பற்றி ஒரு கதை ஆரம்பித்தான். கரண்டுக் கம்பத்து இன்சுலேட்டர் எது, ஊறுகாய் ஜாடி எது என்று தெரியாத மேனேஜர். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒரு மேட்டில் ஏறும்போதும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். அவன் பேச்சு நடுவில் எங்கேயும் அறுந்து விழவில்லை என்பதை மேட்டின் உச்சிக்கு வந்த பிறகுதான் அருள்மேரி கவனித்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கதையை நிறுத்திவிடுவான்.

ஊர் எல்லைக்கு வந்தபோது பின்னால் ஹாரன் சத்தம். புளியமரத்தடிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த பஸ் வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே யாரோ இவர்களைக் காட்ட, அந்த பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏறுங்க அண்ணே, உங்க டிக்கெட்டு செல்லும்."

"நீங்க போயிட்டே இருங்க" என்றான் பாக்கியநாதன். "இன்னும் கதை முடியல."

பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கோயில் மணி அடித்தது. முதல் மணிதான். இன்னும் நேரம் இருந்தது.

"அப்பறம் அந்த மேனேஜரு ஜாடியைத் தூக்கிக்கிட்டு எங்க போனாரு?" என்று கேட்டாள் அருள்மேரி.