அசல் கறுப்பு

எங்கள் வீட்டில் டிவி வாங்க மூன்று மாதம் ஆராய்ச்சி நடந்தது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க என் வீட்டுக்காரர் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டிவிக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு. அதில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி என்று தலைப்பு எழுதி, கீழே பொடிப்பொடியாகக் குறிப்புகள். அவர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கோப்புகளைச் சரிபார்க்கிறவர். எதையும் கட்டத்துக்குள் அடைத்தால்தான் அது இருப்பதாகவே நம்புவார்.

துணைக்கு அவர் தம்பி. என் கொழுந்தனுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் பிக்சல். ஞாயிறு தவறாமல் வந்து, போனில் பார்த்த வீடியோவைத் தானே ஆராய்ந்து கண்டுபிடித்த மாதிரி அளந்துவிடுவான்.

“எல்இடில பின்னாடி லைட்டு எரிஞ்சிட்டே இருக்கும்ணா. கறுப்பக் காட்டணும்னா அந்த லைட்ட மறைக்கும், அவ்ளோதான். முழுசா மறையாது. சாம்பலாத்தான் தெரியும். ஓஎல்இடி அப்படி இல்ல. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். அணைஞ்சுதுன்னா அசல் கறுப்பு.”

“அப்ப கியூஎல்இடி?”

“அதுலயும் பின்னாடி லைட்டுதான். ஆனா வெளிச்சம் தூக்கலா இருக்கும். பகல்ல ஜன்னலத் தொறந்து வச்சிட்டுப் பாக்கறவங்களுக்கு அது சரிப்படும்.”

“நமக்கெதுக்கு அது?” என்றார் இவர், ஜன்னலைத் திறந்து வைப்பது ஏதோ கெட்ட சகவாசம் என்பது போல.

அந்த ஜன்னலடியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுக்குப் பகல் வெளிச்சம் வருகிற ஒரே இடம் அதுதான். அங்கே என் மிதி மெஷின். கால் மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது என்று பதினாறு வருடமாக அங்கேதான் வேலை. தெரிந்தவர்களுக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் தைத்துத் தைத்து அலுத்துப்போன நேரத்தில் ஒரு ஹோட்டல் கிடைத்தது. பரிமாறுகிறவர்களின் கறுப்பு பேண்ட்டுகள் நாற்பது. அளவு பார்த்துக் கால் மடித்துத் தரவேண்டும். இது சரியாக வந்தால் வருடம் முழுக்க ஹோட்டலின் சீருடை வேலை எனக்கே என்று அங்கிருந்த சூப்பர்வைசர் அம்மா சொல்லியிருந்தார். வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்கு எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறீர்களா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும், நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் தையல் எங்கே போகிறது என்றே தெரியாது. அந்த வீட்டில் கறுப்பைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டு மேதைகளும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கறுப்பைப் பற்றி மாநாடு நடத்தினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைக்கு மூன்று பேரும் போனோம். ஓஎல்இடிக்கென்று தனியாக ஓர் இருட்டறை கட்டி, சோபா போட்டு வைத்திருந்தார்கள். கன்னங்கரேல் என்ற திரையில் ஒற்றைச் சொட்டுத் தேன் மெல்ல மெல்ல இறங்கியது. இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். தேனை அதற்கு முன் கண்டதே இல்லை போலிருக்கிறது. பிக்சல் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்து, நாடி பிடித்துப் பார்க்காத குறைதான்.

“ரூம் எவ்ளோ இருட்டா இருக்கோ அவ்ளோ அழகா தெரியும் சார்” என்றாள் விற்பனைப் பெண். “வீட்ல எதிர்ல ஜன்னல் ஏதாவது இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. மூடிரலாம்.”

மூடிரலாம். பதினாறு வருடத்தை ஒரே வார்த்தையில் மூடினார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணுக்கு என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க மேடம்?” என்று கேட்டாள்.

“தூசி தொடைக்க வசதியா இருக்குமா?” என்றேன்.

நக்கலாகத்தான் கேட்டேன். அவள் அதை நிஜமான கேள்வி என்று நினைத்து, துடைப்பதற்கு மெத்தென்ற துணி ஒன்றை இலவசமாக எடுத்துத் தந்தாள். இவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

ஒரே வாரத்தில் திரை சுவர் ஏறியது. ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் கனமான திரைச்சீலை. மெஷினைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அங்கே ஒரு பழைய ட்யூப் லைட். ஜன்னல் மேடையில் என் நூல்கண்டுகள் வரிசையாக இருக்கும்: கறுப்பு, கருநீலம், பழுப்பு, சாம்பல். பார்க்காமலே கை போய் எடுக்கும். பிக்சல் எல்லாவற்றையும் ஒரே வாரில் வாரி பிஸ்கட் டப்பாவில் கொட்டி, “பத்திரமா எடுத்து வச்சிட்டேன் அண்ணி” என்றான். உபகாரம் செய்துவிட்டானாம்.

ஹோட்டலுக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். பதினோரு பேண்ட் முடித்திருந்தபோது நூல் தீர்ந்தது. டப்பாவைக் கிளறி இன்னொரு கண்டை எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ கிழிந்து போயிருந்தது. ட்யூப் லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வெளியே அடைமழை. வானமே இருட்டிக் கிடந்தது. பேண்ட்டையும் நூலையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அண்ணனும் தம்பியும் விண்வெளியில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

“இதக் கொஞ்சம் பாருங்க. ரெண்டும் ஒரே கறுப்பா?”

“கறுப்புதான்” என்றார். தலை முழுசாகத் திரும்பவில்லை.

“பக்கா கறுப்பு அண்ணி” என்றான் பிக்சல்.

சாம்பல் கலந்த கறுப்பு, நீலம் பாய்ந்த கறுப்பு, அசல் கறுப்பு என்று நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் சொல்லிவிட்டார்கள். திரை வெளிச்சத்தில் என் கண்ணுக்கும் கறுப்பாகத்தான் தெரிந்தது. திரைச்சீலையை ஒதுக்கிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒதுக்கினால் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். பேசாமல் பின்னறைக்கு வந்து மிச்சம் இருபத்தொன்பதையும் தைத்து முடித்தேன்.

காலையில் மழை விட்டு வெயில் பளீரென்று அடித்தது. சூப்பர்வைசர் அம்மாவே நேரில் வந்தார். கட்டைப் பிரித்து, மேலே இருந்த பேண்ட்டை எடுத்துப் படிக்கட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார்.

“இது நீலம்மா.”

வாங்கிப் பார்த்தேன். கறுப்புத் துணியின் கீழ்விளிம்பைச் சுற்றி நீலக் கோடு ஓடியது. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

“பிரிச்சுத் தச்சுத் தந்துடறேன். சாயங்காலத்துக்குள்ள…”

“மத்தியானம் விருந்து இருக்கு. எனக்கு இப்ப வேணும்.” அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நீங்கல்லாம் வெளிச்சத்துல வச்சுப் பாத்துத் தைக்க மாட்டீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்பது பேண்ட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கிறவரை நான் வாசலிலேயே நின்றேன்.

இவர் அலுவலகத்துக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “ஜன்னல மூடினா கஷ்டம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று மாடியும் அதிரக் கத்தியிருப்பேன். என்னைக் கேட்டீங்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் கடைக்காரப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. அவள் கேட்டாள். எல்லோர் முன்னாலும், என் முகத்தைப் பார்த்து, நின்று கேட்டாள். நான் தூசியைப் பற்றிப் பேசினேன். மூன்று மாதம் இவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததையே சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு ஒரு காதிலும் விழவில்லை. அது சாமர்த்தியம் இல்லை, பயம். அடுத்தவர்களை மட்டமாக நினைத்துக்கொண்டே அடங்கிப் போயிருந்தேன்.

“கேட்டிருக்கணும் நீங்க” என்றேன். “சொல்லியிருக்கணும் நான். இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த ஜன்னல் எனக்கு வேணும்.”

ஸ்டூலைப் போட்டு ஏறித் திரைச்சீலையைக் கம்பியோடு கழற்றினேன். வெயில் நேரே போய் அவருடைய அசல் கறுப்பில் விழுந்தது. திரை முழுக்க ஜன்னலும், ஸ்டூல்மேல் நிற்கிற நானும்தான் தெரிந்தோம்.

“ஐயோ, அதுமேல வெளிச்சம் படக் கூடாது!”

“படட்டும். மெஷினுக்கு அந்தப் பக்கம் பிடிங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க மெஷினைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் அருமையாக இருந்தது. தைக்கத்தான் என் கையில் ஒன்றும் இல்லை.