கரையில் நின்ற காவல்

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தகப்பன் பென்குயின் கடலுக்குப் போனது, திரும்பவில்லை. எங்கள் ஆட்டுப் பண்ணைக்குக் கீழே, கடலோரப் புதருக்குள், ஒற்றைக் குஞ்சோடு தாய் தனியானது. மஞ்சள்கண் பென்குயின் இப்போது இந்தக் கரையில் அபூர்வம். அதன் கூடு ஒன்று என் நிலத்தில் என்பதில் எனக்குக் கர்வம்தான், மறைப்பானேன்.

தாய் விடியலில் மீன் பிடிக்கப் போய்ச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரும். கரையில் ஆள் தெரிந்தால் ஏறாது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. கேமராவோடு அலையருகிலேயே போய் நிற்பார்கள். அதனால் ஜனவரி பிறந்ததும் நானே காவலுக்கு இறங்கினேன். நாய்களைக் கட்டிப்போட்டுவிட்டு, சிவப்பு மழைக்கோட்டும் கையில் ஆட்டுக்கோலுமாக மூன்றரை மணிக்கே மணலில் நின்றுவிடுவேன். நான் போட்ட சத்தத்தில் ஒரு சுற்றுலா ஜோடி தங்கள் சாப்பாட்டுக் கூடையைக்கூட விட்டுவிட்டு ஓடியது.

பென்குயின் காப்பாளன் டாஹு வாரம் ஒருமுறை குஞ்சைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிடுவான்.

"மறுபடியும் முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கு ஆன்ட்டி. இன்னொரு வாரம் இப்படின்னா டுனெடின் ஊர்ப் பறவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

"கரைக்கு ஒரு ஈ காக்கா வரலியேடா. நான்தான் ஏழு மணி வரைக்கும் நிக்கிறேனே."

அடுத்த இரண்டு நாள் அவன் எதிர்ப் பாறை மறைவில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் காலை என் சமையலறைக்கு வந்தான். நான் சுட்ட சூடான ஸ்கோன் ரொட்டியைத் தொடவில்லை. அவன் ஸ்கோனைத் தொடாவிட்டால் சமாசாரம் கெட்டது என்று அர்த்தம்.

"தாய் நல்லாதான் இருக்கு. நாலரைக்கே அலைக்குள்ள வந்துடுது. கரையில ஒரு ஆள் நிக்கிறதப் பாத்துட்டு திரும்பிப் போயிடுது. நாலஞ்சு தடவ வந்து வந்து பாக்குது. ஏழு மணிக்கப்புறம்தான் ஏறுது. அதுக்குள்ள குஞ்சுக்குக் கொண்டுவந்த மீன்ல பாதி அது வயித்துலயே செரிச்சுப்போகுது."

"எவன் அவன்? சொல்லு, கால உடைக்கிறேன்."

டாஹு டீக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"சிவப்புக் கோட்டு போட்டிருந்தாங்க, ஆன்ட்டி."

"பதினொரு வருஷமா பாக்குறேன். என்னைத் தெரியாதா அதுக்கு?" என்றேன்.

"உங்களுக்குத்தான் அதைத் தெரியும். அதுக்கு நீங்க கரையில நிக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்."

முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. அவன் போன பிறகு அழுதேன். பசித்த குஞ்சுக்கும் வயிறு நிறைய மீனோடு மிதந்த தாய்க்கும் நடுவில் நின்றது நான். காவல் என்று சொன்னதும் பாதிதான் உண்மை. அது தண்ணீரிலிருந்து எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு நடந்து வருவதை எல்லோருக்கும் முன்னால் நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையை ஒரு குஞ்சின் வயிற்றில் அடித்துத் தீர்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மேலே சாலையோரக் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து கடல் தெரியாது. கார்களை அங்கேயே திருப்பி அனுப்பினேன்.

அடுத்த எடை பார்க்கும் நாளில் டாஹு பையை என் கையில் கொடுத்தான். கனத்தது. குஞ்சு துணிக்கு மேலாகவே என் விரலைக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டேன்.

"அறுநூறு கிராம் ஏறியிருக்கு" என்றான். "என்கூடப் பாறை மறைவுல உக்காந்து ஒரு நாள் பாருங்களேன். அதுக்குத் தெரியாது."

"நீ பாரு" என்றேன். மணி மூன்றரை. நாலு மணிக்கு மேல் அது வரும், கரையில் நான் இருக்கமாட்டேன்.