வழக்கம்போலக் கடல்வழி

பூதலிங்கம் பிள்ளை வலது காலை வள்ளத்திலும் இடது காலைத் திருவிதாங்கூர் மகாராஜாவின் மண்ணிலும் ஊன்றிக்கொண்டு, இரண்டில் எதை எடுப்பது என்று யோசித்தபோது மணி எட்டேகால். பொழியூர்க் காயலோரத்தில் வள்ளம் மெல்ல ஆடியது. அது ஆட ஆட இரண்டு கால்களுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனது.

“ஏமானே, ஏதாவது ஒண்ணைத் தீர்மானிக்கணும். இல்லெங்கி வேட்டி தீர்மானிச்சிரும்,” என்றான் வள்ளக்காரன் சத்தியதாஸ்.

நடுப்பலகையில் பிள்ளையின் குடை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அது ஏழு இருபதுக்கே ஏறிவிட்டது. அதற்கு ஒரு பயமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இடது காலை எடுத்தார்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குளச்சலிலிருந்து ஆள் வந்திருந்தது. செல்லசாமி என்று பெயர். ராத்திரி முழுக்க நடந்து வந்தவன் முற்றத்தில் நின்றபடியே சொன்னான்:

“சொர்ணம்மா போய்ட்டாவ. நேத்து விளக்கு வைக்கிற நேரம். பத்து நாளா படுக்கை. கடைசி வரைக்கும் வாய் மட்டும் ஓயல்ல.”

பிள்ளையின் ஒரே தங்கை. அவள் புருஷன் குளச்சல் சுங்கச் சௌக்கையில் எழுத்தராக இருந்து முன்னமே போய்ச் சேர்ந்தவர்.

“இன்னைக்குப் பொழுது சாயியதுக்கு முன்ன எடுக்கணுமாம். பொறந்த வீட்டுக் கோடி விழாம எடுக்கப்படாதுன்னு அவியளே சொல்லிட்டுப் போயிருக்காவ. பெறவு ஒரு காரியம்.” செல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். “‘எனக்க அண்ணன் வழக்கம்போலக் கடல்வழியா வரட்டும். வண்டி அவனுக்கு ஒத்துக்காது.’ இதை அப்பிடியே சொல்லணும்னு என்னை மூணு தடவ சொல்லவெச்சுக் கேட்டாவ.”

பிள்ளை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய வெகுநேரமாயிற்று. துண்டு இறங்கியபோது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பின் மிச்சம் இருந்ததை அவர் மனைவி உமையம்மாள் பார்த்தாள். கூடப்பிறந்தவள் செத்த அன்றைக்கு இந்த மனுசனுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கடற்கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் பிறந்து, அங்கேயே ஐம்பத்தெட்டு வயது வரை வளர்ந்த பூதலிங்கம் பிள்ளை ஒருநாளும் கடலில் இறங்கியவரில்லை. இந்த உண்மை ஊரில் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது வேறு.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து ஐம்பத்தேழில் சொர்ணம்மாளுக்குக் கல்யாணமாகி முதல் ஓணம். ஓணக்கோடியை அண்ணன்தான் கொண்டுபோகவேண்டும். அப்பா அவரைச் சத்தியதாஸின் அப்பனுடைய வள்ளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். அப்பா தலை மறைந்ததும் முதல் அலை வந்தது. இரண்டாவது அலை வருவதற்குள் பூதலிங்கம் கரையில் இருந்தார். வள்ளக்காரனுக்கும் அன்றைக்குக் குளச்சலைவிட மீனில்தான் நாட்டம். இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவன் மீன்பிடிக்கப் போனான். இவர் காட்டுவழியாக நடந்தே குளச்சல் போய், கடப்புறத்தில் தலையோடு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, தங்கை வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றார்.

தேங்காப்பட்டணத்துக்கு நேரே ஒரு திமிங்கலம் வந்ததாம். முதுகு அரிப்புத் தாங்காமல் வள்ளத்தில் உரசிக்கொண்டதாம். அரிப்பு அடங்கிய நன்றிக்கு வள்ளத்தைக் குளச்சல் வரைக்கும் நெற்றியால் தள்ளிக்கொண்டு வந்து விட்டதாம். சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்து கேட்டார்கள். சொர்ணம்மாள் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து, வேட்டி ஓரத்தில் அப்பியிருந்த நாயுருவி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கடலில் நாயுருவி முளைக்காது. கதை முடியும்போது அவள் கைநிறைய முள் இருந்தது.

“நான்தான் பாத்தேனே, அண்ணன் வள்ளத்துல வந்து எறங்கினதை,” என்றாள் மாமியாரிடம்.

அதற்குப்பிறகு பிள்ளைக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஒவ்வொரு ஓணத்துக்கும் “தேங்காப்பட்டணத்துல வள்ளம் கேறிக்கிடுவேன்” என்று ஊரிலிருந்து மாட்டுவண்டியில் கிளம்புவார். தேங்காப்பட்டணத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வண்டி பிடித்து, குளச்சலுக்குக் கால் மைல் இப்பால் இறங்கி, புதர்வழியே கடப்புறம் போய்க் காலை நனைத்துக்கொண்டு வருவார். சொர்ணம்மாள் காலடியில் உட்கார்ந்து முள் பிடுங்குவாள். முப்பத்தேழு ஓணம். ஒருமுறைகூட இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது கடைசியாக இப்படி மாட்டிவிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சத்தியதாஸை ஆள்விட்டு அழைத்தபோது அவன் முற்றத்தில் வந்து கைகட்டி நின்றான். “ஏமானுக்குத் தெரியாத கடலா? எப்பிடிப் போவணும்னு ஏமானே சொல்லட்டு.”

“நீ சொல்லு. சரியாண்ணு நான் பாக்கேன்,” என்றார் பிள்ளை, தாலுகாக் கச்சேரியில் முப்பது வருஷம் பிறர் எழுதியதில் கையெழுத்திட்ட கம்பீரத்தோடு.

“இன்னைக்குத் தசமி. எட்டரைக்குக் கடல் ஏறி வெள்ளம் நெறையும். அப்போதான் பொழியில மணலுக்கு மேல வள்ளம் போவும்.” பொழி என்பது ஆறு மணல்திட்டை அறுத்துக்கொண்டு கடலில் விழும் வாய். “பதினோரு மணிக்கு மேக்கேர்ந்து கச்சான் காத்து பிடிக்கும். பாய் விரிச்சா ரெண்டு மணிக்குக் கொளச்சல் பாறை. மூணுக்கு மேல கெழக்க இடி இடிக்கும், மழை வரும். அதுக்கு முன்ன கரை கேறிரணும்.”

“சரிதான்,” என்றார் பிள்ளை.

“என்னது சரி?” உமையம்மாள் பஞ்சாங்கத்தோடு வந்தாள். “திங்கக்கெழம. ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகுகாலம். ஒம்பதுக்குப் பெறவு எறங்குங்க.”

“அம்மா, ஒம்பதுக்கு வெள்ளம் வத்தத் தொடங்கிரும். உள்ளேர்ந்து ஆறு இழுக்கும், வெளியேர்ந்து அலை தள்ளும். ரெண்டும் பொழியில மல்லுக்கட்டும். நடுவுல நம்ம தலைதான்.”

“அப்போ ஏழரைக்கு முன்ன போங்க.”

“ஏழரைக்கு மணல் தட்டும், அம்மா.”

“ராகு ஒரு பக்கம், பொழி ஒரு பக்கம். நான் என்ன செய்யியது? சாவுக்குப் போற எடத்துல இன்னொரு சாவை வரவழைக்கவா?”

வண்டியில் போனால் இந்த மழைச்சேற்றில் விளக்கு வைத்த பிறகுதான் சேரமுடியும். அதற்குள் எடுத்துவிடுவார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழாமல், யாரோ போட்ட துணியோடு சொர்ணம் போவாள். பிள்ளை ஒரு நிமிஷம் முற்றத்து மாமரத்தைப் பார்த்தார். பிறகு குடையைப் பார்த்தார்.

“பரஸ்தானம் வெச்சிரலாம். எனக்க குடை ஏழரைக்கு முன்ன பொறப்படட்டு. குடை பொறப்பட்டா நான் பொறப்பட்ட மாதிரி. பெறவு நான் போறது குடைக்குத் துணையாக்கும்.”

நல்ல நேரத்தில் பயணக்காரரின் பொருள் ஒன்றை முன்னால் அனுப்பிவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. சாஸ்திரத்தில் குடை கூடாது என்று உமையம்மாளால் சொல்லமுடியவில்லை. சத்தியதாஸின் துணையாள் தங்கையன், ராகு பின்னால் துரத்துவதுபோல் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

உமையம்மாள் உள்ளே போய், பாலராமபுரம் நெசவில் புதுமடி கலையாத வெள்ளைக் கோடி ஒன்றை எடுத்துப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள். “நனைக்காமக் கொண்டுபோங்க. நான் வண்டியில பின்னால வாறேன். நாத்தூன் மொகத்தைப் பாக்கமுடியாது. சாம்பலையாவது பாக்கேன்.” கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

பொழிவாயில் சத்தியதாஸ் வள்ளத்தை நிறுத்தி அலைகளை எண்ணினான். மூன்று பெரிய அலை வந்து உடைந்தது. நான்காவது வருவதற்குள் “வலி, மக்கா!” என்றான். தங்கையன் துடுப்பை வலித்தான். வள்ளம் மூக்கை வானத்துக்குத் தூக்கியது. மேகத்தைக் காலுக்கு நேரே பார்ப்பது பிள்ளைக்கு அதுதான் முதல்தடவை. பிறகு மூக்கு கீழே விழுந்தது. ஒரு குடம் கடல் அவர் தலையில் கவிழ்ந்தது.

கண்ணைத் திறந்தபோது அவர் வள்ளத்தின் அடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். பெட்டிக்கு மேலே குடை விரிந்திருந்தது. அதை எப்போது விரித்தார் என்று அவருக்கே தெரியாது.

“எனக்க அப்பன் சொல்லியது சரிதான்,” என்றான் சத்தியதாஸ்.

“என்ன சொன்னான்?”

“அந்த ஓணத்துக்கு ஏமான் வள்ளத்துக்க அடியில கெடந்து, ‘எனக்க அம்மோ’ன்னு கரைஞ்சதா.”

“உனக்க அப்பன் பொய்யன்.”

“ஆமா, ஏமானே. ஆனா நல்ல பொய்யன்.”

பிள்ளைக்குக் கோபம் வந்தது. போகாத பயணத்தில் அழுததாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் அந்தக் கோபத்தை வெளியே காட்ட ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் சொன்னால் தானும் அகப்பட்டுக்கொள்ளவேண்டியதுதான். ஆகவே எழுந்து உட்கார்ந்து, வாந்தி எடுத்தார்.

சொன்னபடி பதினோரு மணிக்குக் கச்சான் பிடித்தது. பாய் விம்மியது. தேங்காப்பட்டணத்துக்கு நேரே, ஆற்றுவெள்ளம் கடலுக்குள் வெகுதூரம் செம்மண் நிறத்தில் பரந்து கிடந்தது.

“திமிங்கலம் வந்தது இந்த எடந்தானே, ஏமானே?”

“இதாக்கும். ஆனா அதுக்கு அப்பமே வயசு உண்டு. செத்திருக்கும்.”

“அதுக்குப் பிள்ளைய உண்டும்லா,” என்றான் தங்கையன்.

சொல்லி வாய்மூடவில்லை. வள்ளத்தின் விலாவில் கரகரவென்று எதுவோ உரசியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றோடு அடித்துவந்த ஒரு தென்னந்தடி, ஓரமாக ஒருமுறை உரசி, இன்னொருமுறை உரசி, பின்னால் விலகிப்போயிற்று. சத்தியதாஸ் அதையே பார்த்தான். பிறகு பிள்ளையைப் பார்த்தான்.

சத்தியதாஸின் அப்பன் போய்ப் பன்னிரண்டு வருஷம். சொர்ணம் நேற்று. பூதலிங்கம் பிள்ளை அன்றைக்குக் கடலில் போகவில்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இனி ஒருவரும் கிடையாது. முப்பத்தேழு வருஷப் பொய், நேற்று விளக்கு வைக்கிற நேரத்தோடு, கச்சேரி முத்திரை விழுந்த காகிதம்போல நிஜமாகிவிட்டது. மனுசன் நிம்மதியாகக் காலை நீட்டியிருக்கலாம். அவர் ஓலைப்பெட்டிமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பயத்தில்தான் என்று வள்ளக்காரர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைக்கவிட்டார்.

குளச்சல் பாறையைச் சுற்றி உள்ளே திரும்பியபோது மணி இரண்டரை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடப்புறத்தில் சொர்ணம்மாளின் மகன் தாணுமாலயன் நாலைந்து பேரோடு நின்றிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மாமாவின் கையைப் பிடித்தான்.

“சாலைக்கு ஆள் அனுப்பாதே, கடப்புறத்துல போய் நில்லுன்னு அம்மா சொல்லியிருந்தா. எனக்குத்தான் உள்ளுக்குள்ள ஒரு பேடி, கடல்ல என்னமும் ஆயிருமோன்னு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். “கடல் எப்பிடி இருந்தது, மாமா?”

பிள்ளை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் மண்ணில் பட்டும் மண் ஆடியது.

“மக்கா, நான் இதுக்கு முன்ன கடல்ல கேறினதே இல்ல.”

கடப்புறமே சிரித்தது. தாணுமாலயனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “இந்த எடத்துலயும் மாமாவுக்குத் தமாசு விடாது. அம்மா இருந்திருந்தா...”

வீட்டில் சொர்ணம்மாளைக் குளிப்பாட்டி, நடுக்கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். பிள்ளை பெட்டியைத் திறந்தார். கோடியில் ஒரு துளி ஈரமில்லை. மடி கலைத்து, கழுத்து வரைக்கும் போர்த்தி, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். இழுக்கவேண்டிய அவசியம் இல்லாத இடத்திலும் இழுத்துச் சரிசெய்தார்.

“மாமா, வேட்டியை மாத்துங்க. சொட்டுது.”

“கெடக்கட்டு.”

வெளியே முதல் இடி இடித்தது. எடுக்கும் முன் மழை விட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். வாசலில் சத்தியதாஸின் குரல் கேட்டது. சுற்றிலும் கூட்டம் கூடியிருக்கவேண்டும். “...தேங்காப்பட்டணத்துக்கு நேர வந்தது பாத்துக்கிடுங்க, பழைய திமிங்கலத்துக்க பிள்ளை. வந்து ஒரச்சுது. நாங்க ரெண்டு பேரும் நடுங்கிப்போனோம். ஏமான் கண்ணுல ஒரு துளி வெள்ளம் உண்டுமா? குடையைப் பிடிச்சுட்டு அப்பிடியே இருந்தாரு.”

பிள்ளை தங்கையின் வலதுகைப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். வேட்டியின் கீழ்க்கரையை எடுத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனார். மணல் இருந்தது. உப்பு இருந்தது. ஒரு முள்கூட இல்லை.

கரையை அவள் கைக்குப் பக்கத்தில் விரித்துவிட்டார்.

அதிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஒரு கோடாக மெல்ல ஓடி, பாயின் ஓரத்தைத் தொட்டு நின்றது.