ரன்வாவின் அழுகை போகும் இடம்

ரன்வா அழுதால் வீட்டில் சத்தம் கேட்காது; கடலில் வெகு தூரத்தில், அவள் அம்மா மர்யுன் வேலை பார்க்கும் மீன்பிடிக் கப்பலில்தான் கேட்கும். பேறுகால விடுப்பு முடிந்து மர்யுன் துணை மாலுமியாகத் திரும்பவும் கப்பலேறிய அன்று இது தொடங்கியது. ஃபாரோ தீவுகளில், எங்கள் ஊரில், அதுவரை கடலுக்குப் போனவர்கள் அப்பாக்கள். அந்த வீட்டில் மட்டும் அப்பா பார்டுர் தச்சு வேலையை நிறுத்திவிட்டுக் குழந்தையோடு இருந்தான்.

குழந்தை வாயைத் திறக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும், ஒரு முனகல்கூட வராது. பார்டுர் அவளுக்கு முதுகு காட்டவே பயந்தான். உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டான். தூங்கும்போது அவள் வயிற்றில் கை வைத்திருந்தான். கை நழுவினால் திடுக்கிட்டு எழுவான். கப்பலில் அழுகை கேட்டு முதலில் கீழ்த்தளம் முழுக்கத் தேடினார்கள். பிறகு பழகிவிட்டது. சமையல்காரன், "பல் முளைக்குதுபோல, இன்னிக்கும் தூக்கம் போச்சு" என்பதோடு சரி.

பார்டுரின் அப்பா யாக்குப் ஓய்வுபெற்ற மீனவர். தினமும் வந்து குத்திக்காட்டுவார்.

"பொண்டாட்டி கப்பல்ல, நீ தொட்டில் பக்கத்துல. புள்ள ஊமையாகாம என்னடா செய்யும்?"

"தொண்டைல ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா."

"டாக்டர் கிடக்கான். பெத்தவள வரச்சொல்லு."

இலையுதிர்காலத்தில் ஒரு பிற்பகல், மூடுபனி சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பார்டுர் திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. நடை பழகத் தொடங்கியிருந்த ரன்வாவைக் காணோம். வெளியே நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கத்தினான். அவள் பதிலுக்கு அழுதாலும் தன் காதில் விழாது என்பது அப்போதுதான் உறைத்தது. பையில் போன் அடித்தது.

"பார்டுர், எங்க அவ? இப்படி அவ அழுது நான் கேட்டதே இல்ல."

"காணோம் மர்யுன். ஒண்ணுமே தெரியல."

"அழாத, பேசாம இரு. நான் கேக்குறேன்... சத்தம் எதிரொலிக்குது. தகரக் கூரை அடியில இருக்கா. தண்ணி சத்தமும் கேக்குது, பக்கத்துலயே."

"படகுக் கொட்டகை!"

"ஓடு. இருமுறா. ஓடு பார்டுர்!"

கடலேற்றத்தில் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்திருந்தது. படகு இறக்கும் சரிவில், இடுப்பளவு நீரில், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரன்வா வாயை அகலத் திறந்தபடி நின்றாள். அவன் தூக்கி அணைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். போனில் மர்யுன், "நின்னுடுச்சு, ஏன் நின்னுடுச்சு?" என்று அலறிக்கொண்டிருந்தாள். அவன் போனைக் குழந்தையின் மூச்சருகே பிடித்தான்.

மர்யுன் பனிக்காலத்துக்குக் கரையில் தங்கினாள். பார்டுர் தலைநகரில் ஒரு கட்டட வேலைக்குப் போனான். முதல் வாரமே அவன் அறுத்துக்கொண்டிருந்த பலகைகளுக்கு நடுவிலிருந்து ரன்வாவின் அழுகை எழுந்தது. வீட்டில் மர்யுன் சத்தமில்லாத வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அது அம்மாவைத் தேடிப் போகவில்லை, வீட்டில் இல்லாதவரைத் தேடித்தான் போகிறது என்று பார்டுர் தன் அப்பாவிடம் போனில் சொன்னான்.

"கடல்ல எனக்கும் கேட்டுதுடா," என்றார் யாக்குப். "நீ பொறந்ததுலேருந்து. காத்துன்னு நெனச்சேன். காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுத்துடுவேன்."

"அம்மா என்ன பண்ணாங்க அப்போ?"

"உன் தொட்டில்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்திருப்பா. எதுக்குன்னு நான் கேட்டதில்ல."

அதன்பின் ஊரில் மற்ற கிழவர்களும் தங்களுக்குக் கேட்டதை ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இப்போது எங்கள் துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டினால், என்ன மீன் என்று முதலில் கேட்பார்கள், யார் வீட்டுப் பிள்ளை அழுதது என்று அடுத்துக் கேட்பார்கள்.