உடன் வருபவர்

யோகராஜின் ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பதினான்கு பேருக்கும் வியன்னா நகரத்து மெட்ரோ ரயிலில் எப்படி ஏறுவதென்று தெரியும். சிரிக்காதீர்கள், உண்மைதான். போடியில் ஏறி, மெட்டு மலைப்பாதை வளைவுகளையெல்லாம் தாண்டி எஸ்டேட் போய்ச் சேருவதற்குள் ஒரு மாத காலமாகத் தினமும் அதைத்தான் அவன் ஒப்பித்துக்கொண்டு போனான். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, நீலப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். ரயில் வந்து நின்றாலும் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். நகரும் படிக்கட்டில் வலது பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது, வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், மலையிலிருந்து வருகிற தண்ணீர். இந்தக் கடைசிச் செய்தி மட்டும் பெண்களுக்குப் பிடித்திருந்தது. தண்ணியாவது நல்ல தண்ணியா கெடைக்கட்டும் என்று மூக்கம்மாள் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

இவ்வளவுக்கும் காரணம் அவன் மனைவி ஜோதி. ராசிங்காபுரம் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியர். மருந்தடித்த மறுநாளே ஏலக்காட்டுக்குள் இறங்கிக் காயெடுக்கிற பெண்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி, கைத் தடிப்பு வருவதைப் பதினோரு வருடமாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எத்தனை நாள் கழித்து இறங்கியவர்களுக்கு எரிச்சல் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தாள். மதுரையில் இருக்கும் அனுப்பிரியா என்ற டாக்டர் பெண் ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, அக்கா இது தங்கம் என்று சொல்லி, அதைக் கட்டுரையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினாள். விவசாயக் கூலிகளின் உடல்நலம் பற்றி உலக நாடுகளெல்லாம் வியன்னாவில் கூடிப் பேசுகிற மாநாடு. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். டாக்டருக்கோ எட்டு மாதம், விமானம் ஏறக் கூடாது. உங்க நோட்டு, நீங்களே போய்ப் பேசுங்கக்கா என்று சொல்லிவிட்டாள்.

ஜோதி பயந்துபோனாள். பேச்சுக்குக்கூட அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை, பத்து நிமிடம் இங்கிலீஷில் ஒப்பேற்றிவிடலாம். தனியாகப் போவதற்குத்தான் பயம். மதுரையில் ஒருநாள் பயிற்சி என்றாலும் யோகராஜ்தான் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வரைக்கும் மரத்தடியில் ஜீப்பைப் போட்டுக்கொண்டு காத்துக் கிடப்பான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் வேற்றூரில் தனியாக ஒரு ராத்திரி தங்கியதில்லை.

மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் ‘உடன் வருபவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் நிலா மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அவளுக்குப் பரீட்சை. யோகராஜ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எம் பேரை எழுது. நான் கூட வர்றேன்” என்றான்.

அந்த ஒரு சொல்லில்தான் ஜோதிக்கு முகம் தெளிந்தது. அன்றைக்கே அவன் பெயரை எழுதினாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கென்று மாநாட்டுக்காரர்கள் எட்டுப் பக்கத்துக்குத் தகவல் போட்டிருந்தார்கள். ஜோதி அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, யோகராஜ் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். விமான நிலையத்திலிருந்து எந்த ரயில், ஓட்டலுக்கு எங்கே இறங்க வேண்டும், மண்டபத்துக்கு எந்தக் கோடு, எத்தனாவது ஸ்டேஷன், அவசரத்துக்கு எந்த நம்பர், நம் ஊர்ப் பிளக்கில் எது அங்கே போகும், எது போகாது. பஜாரில் தேடி அலைந்து பிளக்குக்கு ஒரு சொருகியும் வாங்கிவிட்டான். பாடப் புத்தகத்தை இந்த அக்கறையில் படித்திருந்தால் பத்தாவதோடு நின்றிருக்க மாட்டான். ஜோதிக்கு வழி சொல்லும் பொறுப்பு தன்னுடையது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். அவள் பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மற்ற சோலியெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்.

இப்படிப்பட்ட மனிதன்தான் கோட்டைவிட்டான்.

பத்து வருடத்துக்கு முன்னால் சவுதிக்கு டிரைவராகப் போகலாம் என்று பாஸ்போர்ட் எடுத்திருந்தான். சவுதிக்குப் போகவில்லை, பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் கிடந்தது. மாநாடு முடிந்து ஒரு மாதம் வரைக்கும் தேதி இருந்தது. ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட்டில் தேதி இருக்க வேண்டும் என்று அந்த எட்டுப் பக்கத்தில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. ஜோதி வாசித்தும் சொன்னாள். ஆனால் யோகராஜுக்கு அது மண்டையில் ஏறவில்லை. ஜீப்புக்கு எஃப்.சி. இருக்கிற கடைசி நாள் வரைக்கும் ஓட்டலாம், இன்சூரன்சும் அப்படி, லைசென்சும் அப்படி. பயணம் போகிற அன்றைக்குத் தேதி இருந்தால் போதாதா? நோட்டில் ‘பாஸ்போர்ட் தேதி தாண்டக் கூடாது’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டுக்கொண்டான்.

சென்னையில் விசா விண்ணப்பம் வாங்குகிற இடத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். உள்ளே நுழையும்போது ஜோதி வழக்கம்போல, நாலு மனுசர் முன்னால போறப்பவாவது சட்டையோட மேல் பொத்தானைப் போடுங்க மாமா என்று கடிந்துகொண்டாள். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குக் காற்று வேண்டும், அந்தப் பொத்தானை அவன் என்றைக்குமே போட்டதில்லை. அன்றைக்குப் போட்டான். ஜோதியின் காகிதங்களை வாங்கிக்கொண்ட பெண், அவனுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தாள். புதிது எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். புதிது எடுத்துவிடலாம், ஆனால் அடுத்து வர அவனுக்குக் கிடைத்த தேதி மாநாடு முடிந்த மறுவாரம்.

போடிக்குத் திரும்பி வருகிற பஸ்சில் ஜோதி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியாவது ஆறியிருப்பான். நான் போகல மாமா, டாக்டர்கிட்டச் சொல்லிடுறேன் என்று அவள் திண்டுக்கல் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள். அவன் விடவில்லை. பதினோரு வருசம் எழுதினதை வேற யாரு போய்ச் சொல்லுவா என்று கேட்டான். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், கண் கலங்கியதை அவள் பார்க்கக் கூடாதென்று. அவள் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை மதுரையில் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தான். நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டான். கொடுத்தால் என்ன, அட்சரம் பிசகாமல் எல்லாம் தலைக்குள் இருந்தது. திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிய பெண்கள் யாரும் அவனைச் சீண்டவில்லை. வளைவுகளில் அவன் வாயே திறக்காமல் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு முனியாயிதான், எப்பா, அந்த நீலப் பெட்டி விசயத்தையாச்சும் சொல்லிக்கிட்டு வா, காது சும்மா இருக்கு என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜோதியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சாப்பிட்டேன், நல்லா இருக்கேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பேச்சு. இங்கே எட்டரைக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பணும். வழி நினைச்சாப் பயமா இருக்கு, நீங்க போன்ல கூடவே இருக்கணும்.

அங்கே எட்டரை என்றால் இங்கே பன்னிரண்டு. எஸ்டேட்டுக்குள் சிக்னல் என்பதே கிடையாது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மேலே ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். மழைமூட்டம் போட்டால் அதுவும் வராது. செவ்வாய்க்கிழமை யோகராஜ் பதினொன்றரைக்கே பாறைமேல் ஏறிவிட்டான். வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். தன் தப்பால் அவளைத் தனியாக அனுப்பியாகிவிட்டது. இந்த ஒரு மணி நேரமும் கைவிட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது என்று இருந்தது அவனுக்கு.

சரியாகப் பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

“மாமா, ஓட்டல் வாசல்ல நிக்கிறேன்” என்றாள் ஜோதி.

அவ்வளவுதான், அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பீச்சாங்கைப் பக்கம் திரும்பி நேரே நட என்றான். ரோட்டைத் தாண்டும்போது முதலில் பீச்சாங்கைப் பக்கம் பார்க்க வேண்டும், அங்கே வண்டியெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடும். வண்டியே வராவிட்டாலும் பச்சை விளக்கு எரிகிற வரைக்கும் நிற்க வேண்டும். படிக்கட்டில் சோத்தாங்கைப் பக்கம் ஒதுங்கு. டிக்கெட்டில் முத்திரை குத்தியாயிற்றா என்று கேட்டான். குத்தியாச்சு மாமா என்று உடனே பதில் வந்தது. அவள் இத்தனை வெரசாச் செய்கிறாளே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் பெண்கள் தூக்குவாளிகளோடு பாறையடியில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் மூடியைத் திறக்கவில்லை.

சிவப்புக் கோட்டு ரயில், லியோபோல்டாவ் என்று எழுதியிருக்கிற பக்கம். ஒப்பித்து ஒப்பித்து அந்தப் பெயர் அவன் வாயில் கோம்பை, தேவாரம் போலச் சரளமாக வந்தது. ரயில் வந்து நின்றதும் அவன் சொல்வதற்குள் கீழேயிருந்து மூக்கம்மாள், பொத்தானை அமுக்கச் சொல்லுப்பா என்று குரல் கொடுத்தாள். ஜோதிக்கு அது கேட்டுவிட்டது. அமுக்கிட்டேன்னு சொல்லுங்க என்று சிரித்தாள். நாலாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அதற்கு முன்னால் பெரிய ஆற்றுப் பாலம் ஒன்று வரும் என்றான் யோகராஜ். பாலத்துல ஏறிட்டோம் மாமா, ஆறு நம்ம ஆறு மாதிரியா இருக்கு, அகலமான அகலம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுபோனது.

மெட்டுப் பக்கமிருந்து மஞ்சு மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கோடும் போய்விட்டன. யோகராஜ் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். பாறையிலிருந்து இறங்கி ஓடி ஜீப்பின் கூரைமேல் ஏறினான். அங்கேயும் இல்லை. ஸ்டேஷன் தவறி இறங்கியிருப்பாளோ, யாரிடம் கேட்பாள், பத்து மணிக்குள் எப்படிப் போய்ச் சேருவாள்? “முருகா, அவ ஒத்தையில நிக்கிறா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பெண்கள் எழுந்து நின்றார்கள். மறுபடி பாறைமேல் ஏறினபோது ஒரு கோடு வந்தது, மணியும் அடித்தது.

“எறங்கி வெளிய வந்துட்டேன் மாமா. வளைஞ்சாப்புல உசரமா கட்டடங்க நிக்குது.”

அவனுக்கு மூச்சு வந்தது. அந்தக் கட்டடங்களைத் தாண்டிப் போனால் மாநாட்டு மண்டபம் என்றான். அவள் நடக்கிற சத்தம் கேட்டது. வாசலில் பையைச் சோதிப்பார்கள், பதற்றப்படாதே என்றான். உள்ளே நுழைந்ததும் கழுத்தில் மாட்டுகிற அட்டை வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டையும் அழைப்புக் கடிதத்தையும் கையில் எடுத்து வைத்துக்கொள், வரிசை நீளமாக இருக்கும் என்றான்.

“அட்டைதான் கழுத்துல கெடக்கே மாமா” என்றாள் ஜோதி. “உங்க பேர் போட்ட அட்டையையும் சேத்துக் குடுத்தாங்க. ரெண்டையும் மாட்டியிருக்கேன்.”

யோகராஜ் சந்தோஷப்படப் போனவன் அப்படியே நின்றான். எட்டுப் பக்கமும் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆறாவது பக்கத்தில் இருக்கிறது. அட்டை மண்டபத்துக்குள்ளே மட்டும்தான் தருவார்கள். திங்கட்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும், செவ்வாய்க்கிழமை எட்டு மணியிலிருந்து. ஓட்டலுக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

“ஜோதி” என்றான். “நேத்தே அங்க போனியா?”

அவள் நடை நின்றது.

“போனேன். தனியாத்தான் போய்ட்டு வந்தேன். எல்லாம் நீங்க எழுதின மாதிரியேதான் இருந்துச்சு, ஒரு எடத்துலகூட நான் தடுமாறல.”

“அப்ப வழி தெரியும்ல. எதுக்குப் பயமா இருக்குன்னு சொன்ன?”

“கூட வர்றேன்னு சொன்னீங்கள்ல மாமா” என்றாள். “அன்னைக்குப் பஸ்சுல நீங்க மொகத்தைத் திருப்பிக்கிட்டதை நான் பாத்தேன். உங்களை விட்டுட்டு நான் மட்டும் வர எனக்கு மனசு வரல.”

யோகராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டான். பாறையடியில் பெண்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, மருந்தடிச்ச எரிச்சல் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

போனுக்குள் ஒரு கதவு திறக்கிற சத்தமும், நிறையப் பேர் பேசுகிற சத்தமும் கேட்டன.

“வாங்க மாமா, உள்ள போவோம்” என்றாள் ஜோதி.

யோகராஜ் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.