தலைமாட்டுக் கண்ணாடி

எங்கள் வீட்டில் ஆடி விழக்கூடிய பொருள் எதுவும் கிடையாது. பீரோவைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜுக்குப் பட்டை கட்டியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு ஜோடி ஷூவும் டார்ச்சும் இருக்கும். நிலநடுக்கம் வந்தால் யார் எங்கே பதுங்குவது என்று மாதா மாதம் ஒத்திகை வேறு. "உங்க வாய்க்கு மட்டும்தான் இன்னும் ஸ்க்ரூ போடல," என்பாள் என் மனைவி. கிண்டலடித்துக்கொண்டே ஒத்திகைக்கும் வந்துவிடுவாள்.

என் கண்ணை உறுத்திய ஒரே பொருள் அவள் அண்ணன் பரிசாகக் கொடுத்த கண்ணாடி. மச்சானுக்கு மரச்சாமான் கடை. கதவகலக் கண்ணாடிக்குத் தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, எங்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான் அதற்கு ஏற்ற இடம் என்று அவரே முடிவும் செய்துவிட்டார். அவர் தலை மறைந்ததும் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவேன். வருகிறேன் என்று போன் செய்தால் மறுபடி மாட்டுவேன். மச்சானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விஷயம் தெரிந்தால் தங்கை வீட்டு வாசலையே மிதிக்க மாட்டார்.

வழக்கமாக நாலு ஸ்க்ரூ போட்டுத்தான் மாட்டுவேன். மச்சான் சாப்பிட வருவதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோம்பல். ஒரே ஆணியில் தொங்கவிட்டேன்.

"ஸ்க்ரூ போடலையா?" என்று கேட்டாள் மனைவி.

"சாயங்காலம் உங்கண்ணன் கிளம்பினதும் கழட்டத்தானே போறேன்? ஒரு நாளைக்குத்தானே."

சாப்பிட்டு முடித்ததும் தலைவலி என்று அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். நானும் மச்சானும் மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது தரை குலுங்கியது. மச்சான் வாசலுக்கு ஓடப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்து மேசைக்கு அடியில் தள்ளி, நானும் புகுந்துகொண்டேன். அறைக்குள்ளிருந்து "என்னங்க!" என்று அவள் அலறினாள்.

"வெளியே வராதே! கட்டில்லயே இரு, தலையணையால தலையை மூடிக்கோ!" என்று கத்தினேன்.

ஒத்திகையில் சொல்லிக்கொடுத்ததுதான். சரியான யோசனையும்கூட. ஆனால் என் மனசில் இருந்த வீட்டில் அந்தச் சுவர் காலியாக இருந்தது.

கண்ணாடி விழுந்த சத்தம் கேட்டபோதுதான் நினைவு வந்தது.

தலை தப்பியது. தலையணையைப் பிடித்திருந்த வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது. அவள் தையல் வேலை செய்கிறவள். இரண்டு விரல்கள் இனி மடங்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலேயே என் தங்கச்சியைக் கெடுத்துட்டேனே மாப்பிள்ளை! நீங்க இல்லைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன். உங்க ஜாக்கிரதை யாருக்கு வரும்?"

நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஆணியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கொள்ள எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சீ, என்ன மனுஷன் நான்.

பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. கட்டுப் போட்ட கை வயிற்றின் மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

"ஓடி வரத்தான் பார்த்தேங்க. கதவுகிட்ட வந்துட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கிட்டேன்."

மச்சான் மறுபடி விம்ம ஆரம்பித்தார்.

"அழாதீங்க மச்சான்," என்றேன். "ஒரே ஆணியில மாட்டினது நான்."