பொட்டு வைத்த டிரைவ்

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன இடத்தில், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார் ராம்கி. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தொம்மலூரில் அவருடைய ஸ்டுடியோ கம்ப்யூட்டர் தும்மினாலும் எனக்குத்தான் போன். நான் குடியிருக்கும் ஈஜிபுரா அங்கிருந்து பக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

"தாரணிம்மா, டிஸ்க் ஃபுல்லு ஃபுல்லுன்னு ஒரே ரோதனை. எவ்ளோ அழிச்சாலும் எடமே வர மாட்டேங்குது. ஒரு ஸ்வல்ப நேரம் வந்து பாத்துட்டுப் போயேன்."

நான் போனபோது கடைக்குள் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் ஜானகி. பக்கத்து அபார்ட்மென்ட்களில் சமையல் வேலை செய்கிறவர். கார்த்திகை மாதம் அவர் மகள் வீணாவின் கல்யாணத்தை எடுத்தது ராம்கிதான். தை பிறந்தும் ஆல்பமும் வரவில்லை, வீடியோவும் வரவில்லை. இன்றைக்குக் கட்டாயம் என்று சொல்லியிருந்ததால் வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்துவிட்டார்.

"இன்னும் வெட்டி ஒட்டணும்க்கா. உங்க பொண்ணு ஒரு ஷாட்டுலயும் கேமராவப் பாக்கல. தலையத் திருப்பிக்கிட்டே இருந்தா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் ராம்கி.

"வெட்டலன்னாலும் பரவால்லண்ணா. அப்படியே காட்டுங்க, போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் தாலி கட்டறதப் பாக்கலம்மா."

அவர் கணவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. முகூர்த்த நேரத்தில் நாத்தனார் வந்து, சமையல்கட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாங்க அண்ணி என்றாளாம். வேறொன்றும் சொல்லவில்லை. இவரும் புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததில் கையும் தலையுமாகத்தான் தெரிந்ததாம்.

"வீணா மணையில உக்காந்து நான் போறதப் பாத்துட்டுதான் இருந்தா. இரும்மான்னு ஒரு வார்த்த சொல்லல. அந்த நேரத்துல நான் அவ நெனப்புல இருந்தனா இல்லையான்னு தெரியணும். அவகிட்ட எப்படிக் கேக்கறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டு அப்படி என்ன மங்களம் வேண்டிக்கிடக்கிறது? ஆனால் நான் வந்தது கம்ப்யூட்டர் பார்க்க. வாயை மூடிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

அதை அமைத்துக் கொடுத்தவன் ராம்கியின் மச்சினர் மகன் அஷ்வின். இப்போது கனடாவில் இருக்கிறான். ஏற்பாடு எளிமையானதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வெளியே இருக்கும் டிரைவ் தானாக வந்து 'பேக்கப்' என்கிற ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சாயங்காலமானால் அன்றைய வேலை முழுக்க அதில் நகலாகிவிடும். நான் பார்த்தபோது டிரைவ் ஒயரில் மாட்டியபடியே மேஜைமேல் இருந்தது, ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் இல்லை.

"இதுல லைட் ஒண்ணு இருக்கணுமே, எங்கண்ணா?"

"அங்க ஆயுத பூஜை பொட்டு வெச்சிருக்கேன். தொடாதம்மா, அடுத்த பூஜை வரைக்கும் இருக்கணும்."

கேமரா, லென்ஸ், டிரைவ் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பலகையில் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, ஆரத்தி காட்டிவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார். பொட்டு கச்சிதமாக விளக்கின் மேலேயே விழுந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ராம்கி "ஐயோ ஐயோ" என்றார். வேலை நடந்தால் சிமிட்ட வேண்டிய விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

எந்த டிரைவை எடுத்துக்கொள்வது என்று கம்ப்யூட்டருக்கு அஷ்வின் எழுதிவைத்திருந்த வரியைத் திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாவதாக வருகிற டிரைவ்தான் பேக்கப் என்று எழுதியிருந்தான். பஸ் ஸ்டாப்பில் இரண்டாவதாக நிற்கிறவர்தான் ராம்கி என்று சொல்வது மாதிரி. பூஜை முடிந்து ஒயர்களை இடம் மாற்றிச் செருகியதும் அந்த இரண்டாம் இடத்துக்கு மெமரி கார்டு ரீடர் வந்துவிட்டது. போதாததற்கு, டிரைவ் கிடைக்காவிட்டால் கண்டுகொள்ளாதே என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தான். கம்ப்யூட்டரும் வாயைத் திறக்கவில்லை. திட்டலாம் என்றால் ஆள் கனடாவில்.

ஒவ்வொரு டிரைவுக்கும் அதற்கே உரிய அடையாள எண் உண்டு. எந்த இடத்தில் செருகினாலும் அது மாறாது. அதை அந்த வரியில் எழுதிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். பேக்கப் ஃபோல்டரில் டிரைவ் தானாக வந்து உட்கார்ந்தது, விளக்கும் சிமிட்டியது.

"சூப்பரும்மா! ஜானகிக்கா, இப்ப பாருங்க." ராம்கி மவுஸை வாங்கிக்கொண்டார். ஃபோல்டரைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியாக இருந்தது பூஜைக்கு முந்தைய ஒரு மஞ்சள் நீராட்டு விழா. வீணா கல்யாணத்தைக் காணோம்.

"நேத்துகூட இங்கதானே பாத்தேன்!"

"ஒரிஜினல் எங்கண்ணா?"

"எடம் பத்தலன்னு போன வாரம்தான் அழிச்சேன். பேக்கப்புல இருக்குன்னு பாத்துட்டுத்தாம்மா அழிச்சேன்."

"மெமரி கார்டு?"

"அதுல அப்புறம் வேற கல்யாணமெல்லாம் எடுத்தாச்சு."

ஜானகியம்மா எழுந்து நின்றார். "போச்சாண்ணா?"

ராம்கி இன்னொரு தடவை ஃபோல்டரைத் திறந்து மூடினார். ஜானகியம்மாவின் முகத்தைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை, ராம்கிமேல் வந்த கோபத்தை அடக்கவும் முடியவில்லை. "அறிவு வேணாமாண்ணா? கல்யாண வீடியோவ யாராவது அழிப்பாங்களா? அதுவும் அழிச்சும் எடம் வரலன்னா..." என்று கத்திக்கொண்டே போனவள் நிறுத்தினேன்.

அழித்தும் ஏன் இடம் வரவில்லை? நேற்று ராம்கி பார்த்தபோது டிரைவ் அங்கே இல்லவே இல்லை. அப்படியானால் அவர் பார்த்தது எதை? டிரைவ் வராத நாள்களிலும் சாயங்கால நகல் நிற்கவில்லை. காலியாகக் கிடந்த அந்த ஃபோல்டருக்குள்ளேயே, இதே கம்ப்யூட்டரின் டிஸ்கிலேயே, எல்லாம் இன்னொரு தடவை சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அழித்து மீட்ட இடத்தையும் அடைத்துக்கொண்டே இருந்தது அதுதான். இப்போது டிரைவ் வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

"போகலம்மா," என்றேன். "பாத்திரத்துல சோறு இருக்கு. நான் தெரியாம அதுமேல ஒரு தட்ட வெச்சு மூடிட்டேன். தட்டுல இருக்கறது மட்டுந்தான் இப்ப நம்ம கண்ணுக்குத் தெரியுது."

"அப்ப தட்ட எடும்மா," என்றார் ஜானகியம்மா.

எடுத்தேன். டிரைவைக் கழற்றிவிட ஒரே ஒரு கட்டளைதான். மறுபடி ஃபோல்டரைத் திறந்தபோது 'வீணா முகூர்த்தம்' அங்கே இருந்தது. ராம்கி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து "முருகா" என்றார். முதலில் என் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அதுவரை யாரையும் மவுஸைத் தொட விடவில்லை.

பிறகு ஓட விட்டோம்.

மணமேடை. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். "இங்க பாரும்மா, கேமராவப் பாரு" என்று ராம்கியின் குரல் கேட்கிறது. வீணா பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து மண்டபத்தின் பின்பக்கம் பார்க்கிறாள். ஜானகியம்மாவின் நாத்தனார் அவள் தலையைப் பிடித்து நேராக வைக்கிறாள். வீணா மறுபடி திரும்புகிறாள். அந்த அத்தையிடம் ஏதோ கேட்கிறாள். நாத்தனார் உதட்டைப் பிதுக்கி, பிறகு பார்க்கலாம் என்று கையைக் காட்டுகிறாள். கெட்டிமேளம் தொடங்கிவிடுகிறது. வீணாவின் வாய் மறுபடி அசைகிறது. சத்தத்தில் குரல் கேட்கவில்லை, ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அம்மா எங்க?

தாலி ஏறும்போதும் அவள் சமையல்கட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜானகியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க ஒயரை எடுத்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, கேமராவப் பாக்காததெல்லாம் வெட்டணும்னீங்களே..."

"ஆமாக்கா," என்றார் ராம்கி, திரையைப் பார்த்தபடியே.

"எதையும் வெட்டாதீங்க."